மாரடைப்பு வார்டின் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களையும் பரிசோதியுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறைச் செயலர் அவர்களுக்கும், பொது சுகாதாரம், மருத்துவக் கல்வி, மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் ஆகிய இயக்ககங்களின் இயக்குநர்களுக்கும்,

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நான் டெல்டா மாவட்டம் ஒன்றில் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். இம்மடலில் நான் கேட்பது ஒன்றுதான். இளவயதில் மாரடைப்பு வந்து ஒருவர் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், அவர் வீடு திரும்புவதற்குள் அவருடைய உடன்பிறந்தவர்களையும் வயதுவந்த பிள்ளைகளையும் அழைத்து, இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தக் கொழுப்பு ஆகிய மூன்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆணை பிறப்பியுங்கள். இந்தக் கோரிக்கை எங்கிருந்து வந்தது என்பதை என் வீட்டுக் கதையிலிருந்து தொடங்கிச் சொல்ல அனுமதி கோருகிறேன்.

2021 டிசம்பரில் என் அண்ணனுக்கு மாரடைப்பு வந்தது. அப்போது அவருக்கு வயது 44. விடியற்காலையில் நெஞ்சு கனக்கிறது என்றவருக்கு, வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று அம்மா ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்கள். அண்ணி சோடா வாங்கிவர ஆள் அனுப்பினார்கள். வியர்வையில் சட்டை நனைந்த பிறகுதான் 108-ஐ அழைத்தோம். ஆனாலும் உயிர் தப்பினார். அரசு மருத்துவமனையில் ஆஞ்சியோ செய்து, அடைபட்ட இதயக் குழாயைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். காப்பீட்டுத் திட்டத்தின் வழியாக எங்களுக்கு ஒரு ரூபாய் செலவில்லாமல் எல்லாம் நடந்தது. அந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் பட்டிருக்கும் நன்றிக்கடன் பெரிது. இம்மடலை அவர்கள்மீதான புகாராக யாரும் வாசித்துவிடக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் மருத்துவமனையில் இருந்த ஏழு நாள்களும் உடன் இருந்தவன் என் தம்பி. அவனுக்கு அப்போது வயது 39. நெல் மூட்டை ஏற்றும் லாரியில் ஓட்டுநர். வார்டு வாசலில் பாய் விரித்து, தலைமாட்டில் வயர்க் கூடையும் கஞ்சித் தூக்குவாளியும் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். இரத்தம் எடுத்த குப்பிகளை ஆய்வகத்துக்குக் கொண்டு ஓடியவன் அவன். ஆதார் நகலும் ரேஷன் அட்டை நகலும் எடுத்து வந்து காப்பீட்டுப் பிரிவின் சன்னலில் நின்றவன் அவன். வார்டு மருத்துவர் வழக்கமான கேள்விகளைக் கேட்டபோது பதில் சொன்னவனும் அவன்தான். “எங்க அப்பாவும் இப்படித்தான் சார், நாப்பத்தொன்பது வயசுல வயக்காட்டுலயே போயிட்டார்” என்றான். மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டார். அண்ணனின் டிஸ்சார்ஜ் சீட்டில் குடும்ப வரலாறு என்ற தலைப்பின் கீழ், தந்தை மாரடைப்பில் 49 வயதில் மரணம் என்ற அந்த ஒரு வரி இன்னும் இருக்கிறது.

2023 கார்த்திகையில் ஓர் அதிகாலை, தேசிய நெடுஞ்சாலையில் லாரியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கின் மீது சாய்ந்து கிடந்தான் என் தம்பி. வண்டி எந்த மரத்திலும் மோதவில்லை, எதிரே வந்த எவருக்கும் சிறு கீறலும் இல்லை. 41 வயது. வாழ்நாளில் ஒரு முறைகூட அவன் இரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு என்று யாரும் பார்த்ததில்லை.

அண்ணனின் கட்டிலுக்கும் தம்பியின் பாய்க்கும் இடையே பத்தடி தூரம்கூட இருக்காது. கட்டிலில் கிடந்தவருக்கு இசிஜி, எக்கோ, ஆஞ்சியோ, கொழுப்பு, சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு என்று அத்தனையும் பார்க்கப்பட்டன. அதே அப்பாவுக்குப் பிறந்து, அதே அடுப்பில் வெந்ததைத் தின்று வளர்ந்து, போதாக்குறைக்கு இரவெல்லாம் கண்விழித்து வண்டி ஓட்டி, புகையும் பிடித்தவன் வாசலில் இருந்தான். அவன் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அதை யாரும் மறுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்படி ஒரு வேலை அந்த மருத்துவமனையில் எவருக்கும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை. நான் குறையாகச் சுட்டுவது அதை மட்டுமே.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் மெண்டலின் பட்டாணிச் செடியைக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன். ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு, கட்டம் போட்டு விகிதம் எல்லாம் சொல்லித் தருகிறேன். என் சொந்த அப்பாவின் சாவையும் அண்ணனின் மாரடைப்பையும் அந்தக் கட்டத்துக்குள் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தம்பியின் காரியம் முடிந்த பிறகுதான் ஒரு தோழி வற்புறுத்திப் பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். எனக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல், ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 204 மில்லிகிராம் இருந்தது. நான் ஒல்லியான உடல்வாகு கொண்டவள். அசைவம் மாதத்தில் இரண்டு நாள். சர்க்கரை நோய் கிடையாது. அப்பா எங்களுக்கு விட்டுச்சென்ற சொத்தில் இதுவும் ஒன்று என்று அன்றுதான் தெரிந்தது.

எல்டிஎல் 190-க்கு மேல் இருந்தால், பரம்பரையாக வரும் மிகைக் கொழுப்பு நிலையா என்று சந்தேகிக்க வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஏற்ற விதி. சராசரியாக 250 பேரில் ஒருவருக்கு இந்த நிலை இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கல்லீரல் செல்களின் மேல் இருந்துகொண்டு இரத்தத்திலிருந்து கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இவர்களுக்குக் குறைவாகவோ பழுதாகவோ இருக்கும். அந்த ஏற்பியைக் கண்டறிந்து விளக்கியதற்காகத்தான் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இது ஓங்கு பண்பாக இறங்கும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான மரபணு ஒன்று வந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்துசேரும் வாய்ப்பு சரிபாதி. பிறந்த நாள் முதலே கொழுப்பு கூடுதலாக இருப்பதால், நாற்பது வயதில் மற்றவர்களின் இரத்தக் குழாய்கள் அறுபதில் அடையும் நிலையை இவர்களுடையவை அடைந்துவிடக்கூடும். வெளியே ஒன்றும் தெரியாது. சிலருக்குக் குதிகால் தசைநாணில் தடிப்போ, கண் இமையோரம் மஞ்சள் படிவோ இருக்கும். பலருக்கு அதுவும் இராது.

இளவயது மாரடைப்பு எல்லாமே இந்த வகை என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலான வீடுகளில் பரம்பரையும், ஒரே உலையில் வெந்த சோறும், புகையிலையும், சர்க்கரையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்தே நோயை வரவழைக்கின்றன. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாவிட்டாலும் விளைவு ஒன்றுதான். தந்தைக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன்பும் இதய நோய் வந்திருந்தால், அந்த வீட்டில் மற்றவர்களுக்கும் அபாயம் கூடுதல் என்று உலகெங்கும் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நம் மக்களுக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. இதய நோய் ஆய்வாளர் சலீம் யூசுப் தலைமையில், மாரடைப்பின் காரணங்களைத் தேடி 52 நாடுகளில் நடந்த இண்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளை 2007-இல் பிரித்துப் பார்த்தபோது, முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53 என்றும், மற்ற நாட்டவருக்கு ஏறத்தாழ 59 என்றும் தெரியவந்தது. அந்த ஆறு ஆண்டு என்பது, மகள் கல்லூரி முடிக்கும் காலம். வீட்டுக் கடன் பாதி தீரும் காலம்.

இனி நம் துறைக்கு நன்கு பழக்கமான ஒன்றைச் சொல்கிறேன். ஒருவருக்குக் காசநோய் என்று உறுதியானால், வீட்டில் இருக்கும் அத்தனை பேரையும் பரிசோதிக்கிறோம். சளி மாதிரி கேட்டுச் சுகாதாரப் பணியாளர் வாசலுக்கே வருகிறார். இதை வீண் வேலை என்று இன்று யாரும் சொல்வதில்லை. காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியும் என்று 1950-களின் பிற்பகுதியில் உலகுக்குக் காட்டியதே சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம்தான். ஒரு நோயாளியைத் தனி ஆளாகப் பார்க்காமல் ஒரு வீட்டின் வாசலாகப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. காசநோய் காற்றில் பரவுகிறது, இதய நோய் இரத்தத்தில் இறங்குகிறது. அங்கே ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களைத் தேட வேண்டும். இங்கே கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கும் அக்காவையும், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் தம்பியையும், துபாயில் இருக்கும் மகனையும் தேட வேண்டும். வேலை சற்றுக் கடினம். ஆனால் நோயாளியே முகவரி சொல்லும் வேலை.

தமிழ்நாடு இதயத்துக்காக ஒன்றும் செய்யவில்லை என்று மனசாட்சியுள்ள எவரும் சொல்ல முடியாது. 2020-இல் மாநிலம் முழுவதும் நடத்திய கணக்கெடுப்பில், பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதும், அப்படி இருப்பவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருப்பதும் வெளிச்சத்துக்கு வந்தன. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டது. இன்று என் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை மாதம் தவறாமல் வீட்டுக்கு வருகிறது. கொண்டுவரும் தன்னார்வலர் எங்கள் தெருவில் எல்லோருக்கும் வேண்டியவர். 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தால், நெஞ்சுவலியோடு வருபவருக்கு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டினும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கப்பட்டு, அதன்பின் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். கிராமத்துச் சிறு மருத்துவமனைகளையும் ஆஞ்சியோ வசதியுள்ள மையங்களையும் இணைத்து நம் மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வில், மாரடைப்பு வந்தவர்களில் ஓராண்டுக்குள் இறப்போர் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்ததாக 2017-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை காட்டியது. வலி வந்தபின் ஓடி வந்து காப்பாற்றுவதில் நாம் முன்னோடிகள். வலி வருவதற்கு முன், இன்னாருக்கு வரக்கூடும் என்று நம் ஏட்டிலேயே எழுதியிருந்தும், அவரை அழைக்காமல் விடுகிறோம்.

காரணம் எனக்குத் தெரிந்தவரை இதுதான். மாரடைப்பு வார்டு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழோ, ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழோ வருகிறது. வீட்டு வாசலுக்கு வரும் தன்னார்வலரும் கிராம சுகாதார செவிலியரும் பொது சுகாதாரத் துறையின் பக்கம். முதல் இடத்தில் நோயாளியின் குடும்ப வரலாறு கேட்டு எழுதப்படுகிறது. அது நோயாளிக்கான சிகிச்சைக்குப் பயன்படுகிறது, கோப்போடு மூடப்படுகிறது. இரண்டாவது இடத்தில் வீடு வீடாகப் பரிசோதிக்கிறார்கள். அந்த வீட்டில் ஒருவர் போன மாதம் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தார் என்ற செய்தி அவர்களுக்கு முறைப்படி வந்து சேர்வதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த தன்னார்வலர் வந்தபோதெல்லாம் பகல் பதினொரு மணி. அம்மாவைப் பார்த்தார், என் அண்ணியைப் பார்த்தார். தம்பி லோடு ஏற்றிக்கொண்டு எங்கோ போயிருப்பான். 2024-இல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று ஆலைகளுக்கும் போகத் தொடங்கினார்கள், நல்ல திட்டம். லாரிக்காரனுக்கு ஆலை வாசல் ஏது?

தேசிய அளவில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பயன்படுத்தும் மதிப்பீட்டுப் படிவத்தில், வயது, புகையிலை, மது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு ஆகியவற்றோடு குடும்ப வரலாறும் கேட்கப்படுகிறது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் இருக்கிறதா என்பது ஒரே கேள்வி. ஆம் என்றால் இரண்டு மதிப்பெண். எழுபத்தெட்டு வயது அப்பாவுக்கு லேசான பிரஷர் இருப்பவருக்கும் இரண்டுதான். 49 வயதில் அப்பா வயலில் விழுந்து இறந்து, 44 வயதில் அண்ணன் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவருக்கும் அதே இரண்டுதான். “எந்த வயதில் வந்தது?” என்ற ஒரு கேள்வியைச் சேர்த்தால் இந்த இருவரும் பிரிந்துவிடுவார்கள். காகிதத்தில் அரை அங்குல இடம் போதும்.

எல்லோருக்கும் முகாம் நடத்துகிறோமே, அது போதாதா என்று கேட்கலாம். முகாம்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், உடல்நலத்தோடு இருக்கும் பொதுமக்களை எல்லாம் அழைத்துப் பொதுவான பரிசோதனை செய்வதால் இறப்பு குறைகிறதா என்று ஆராய்ந்த 17 ஆய்வுகளை, 2,50,000 பேருக்கும் மேற்பட்டவர்களை உள்ளடக்கியவற்றை, கோக்ரேன் அமைப்பு 2019-இல் தொகுத்துப் பார்த்தபோது, இதய நோய் இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. டென்மார்க்கில் ஏறத்தாழ 60,000 பேரை வைத்துப் பத்தாண்டு தொடர்ந்த ஆய்வும் இதையே சொன்னது. அக்கறை உள்ளவர்களும் ஏற்கெனவே நலமாக இருப்பவர்களும் முகாமுக்கு வந்துவிடுகிறார்கள். வர வேண்டியவர் வருவதில்லை, வந்தாலும் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார். ஆகவே பரிசோதனையே வீண் என்று முடிவுகட்டத் தேவையில்லை. அபாயம் இருப்பதற்குக் கண்ணெதிரே சான்று உள்ளவரை, அதுவும் அவர் மனம் அதைக் கேட்கும் நிலையில் இருக்கும் நாளில் அழைப்பதும், அழைத்தபின் கைவிடாமல் இருப்பதும் வேறு வகை வேலை. அண்ணன் கட்டிலில் கிடந்த அந்த ஏழு நாளில் என் தம்பியிடம் “புகையை விடு” என்று ஒரு மருத்துவர் சொல்லியிருந்தால் அவன் விட்டிருப்பான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வார்டு வாசலில் இருந்தபோது அவன் புகைக்கவே இல்லை.

எதைப் பார்க்க வேண்டும் என்பதில் ஒரு தெளிவு வேண்டும். ஊரில் “இசிஜி நார்மல்” என்ற சொல் ஒரு தாயத்தைப்போல ஆகிவிட்டது. ஓய்வில் எடுக்கும் இசிஜி அந்த நிமிடத்து நிலையைத்தான் காட்டும். குழாயில் கொழுப்புப் படிந்திருப்பவருக்கும் அது குறை ஏதுமின்றி வரலாம். குழாயைப் பாதிகூட அடைக்காத படிவு ஒன்று திடீரென்று வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து அடைப்பதால் வரும் மாரடைப்புகள் பல. ஆகவே உறவினருக்கு இசிஜி எடுத்து அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று யாரும் நினைக்கக் கூடாது. ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கை அளவுக்கு ஏற்ற பட்டையால் முறையாகப் பார்த்த இரத்த அழுத்தம், சர்க்கரை, எல்டிஎல் உள்ளிட்ட கொழுப்பின் முழு அளவு, இடுப்புச் சுற்றளவு, புகையிலைப் பழக்கம் ஆகிய இவ்வளவும் போதும், தொடங்குவதற்கு. கொழுப்புப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில்தான் வர வேண்டும் என்ற கட்டாயமும் இப்போது இல்லை. ஐரோப்பிய வல்லுநர்கள் 2016-இலேயே அதைத் தளர்த்திவிட்டார்கள். இரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு மிகக் கூடுதலாக இருந்தால் மட்டும் மறுநாள் வெறும் வயிற்றில் எடுத்தால் போதும். அப்படியானால், நோயாளிக்குச் சாப்பாடு கொண்டுவந்த தம்பியின் இரத்தத்தை அந்த நேரத்திலேயே எடுத்துவிடலாம்.

நோயாளியின் இரத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். மாரடைப்பு வந்து ஒரு நாள் கடந்த பிறகு எல்டிஎல் தற்காலிகமாகக் குறைந்து காட்டும். சேர்க்கும்போதே எடுத்த மாதிரியில் அதைப் பார்க்காவிட்டால், பரம்பரை மிகைக் கொழுப்பு உள்ளவர் ஒருவரைச் சாதாரணமானவர் என்று எண்ணிவிட நேரும். அவரோடு அவர் வீட்டில் உள்ள அத்தனை பேரும் நழுவிப் போவார்கள்.

நான் கேட்பது நடைமுறையில் இப்படி இருக்கலாம். 55 வயதுக்குட்பட்ட ஆணோ, 65 வயதுக்குட்பட்ட பெண்ணோ மாரடைப்போடு சேர்க்கப்பட்டால், அவருடைய ஒப்புதலோடு, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகியோரின் பெயர், வயது, ஊர், கைபேசி எண் ஆகியவற்றைச் செவிலியர் ஒருவர் ஒரு தாளில் எழுதட்டும். மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு அங்கேயே பரிசோதனை. வெளியூரில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு சீட்டு. அதைக் காட்டினால் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேள்வி கேட்காமல் பார்க்க வேண்டும். சீட்டில் மருத்துவமொழி வேண்டாம். “உங்கள் அண்ணனுக்கு 44 வயதில் மாரடைப்பு வந்துள்ளது. உங்களுக்கும் அபாயம் கூடுதலாக இருக்கலாம். ஒரு மாதத்துக்குள் பரிசோதித்துக்கொள்ளுங்கள்” என்று மூன்று வரி போதும். ஒரு மாதம் கழித்து வராதவரை 104 மருத்துவ உதவித் தொலைபேசிச் சேவையிலிருந்து ஒரு முறை அழைத்துக் கேட்கட்டும். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்காக வாரத்தில் ஒரு நாள் மாலையோ, ஞாயிறு காலையோ ஒதுக்க வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து பரிசோதனைக்கு வா என்று நல்ல உடம்போடு இருப்பவனைச் சொன்னால் அவன் வர மாட்டான்.

ஒப்புதல் என்று நான் எழுதியதை வெறும் சடங்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊர்களில் வீட்டில் இதய நோய் இருப்பது வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது என்ற பயம் உண்மையானது. எங்கள் வீட்டிலேயே, அண்ணனுக்கு ஸ்டென்ட் வைத்ததைச் சம்பந்தி வீட்டில் சொல்ல வேண்டாம் என்று அம்மா கெஞ்சினார்கள். ஆகவே சீட்டு உரியவர் கையில் மட்டுமே போக வேண்டும். தெருவில் வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. இதே பயம்தான் பெண்களைப் பட்டியலிலிருந்து உதிர்த்துவிடுகிறது. அண்ணனுக்கு மாரடைப்பு என்றால், கொஞ்சம் விவரம் தெரிந்த குடும்பங்களில் தம்பியை, மகனை அழைத்துப் போகிறார்கள். தங்கையையும் மகளையும் பற்றிப் பேச்சே எழுவதில்லை, கட்டிக்கொடுத்த பிறகு அவள் வேறு வீட்டுக் கணக்கு. மரபணுவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. படிவத்தில் சகோதரிகள், மகள்கள் என்று தனி வரிகளே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கர்ப்பகாலச் சர்க்கரையோ, கர்ப்பகால உயர் இரத்த அழுத்தமோ வந்த தாய்மார்களின் விவரமும் துறையிடம் ஏற்கெனவே உள்ளது. பிற்காலத்தில் அவர்களுக்கும் இதய அபாயம் கூடுதல் என்பதால், பிரசவத்தோடு அந்தப் பதிவை மூடிவிடாமல் இதே வரிசையில் அவர்களையும் அழைத்தால் நல்லது.

வேலைப்பளு கூடும் என்ற மறுப்பை நான் அறிவேன். செவிலியர்களின் நிலைமையை அந்த ஏழு நாளில் நேரில் பார்த்தவள் நான். 30 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் தேடிச் செல்லும் துறைக்கு, இளவயது மாரடைப்பு ஒன்றுக்கு நான்கைந்து உறவினர் என்பது பெரிய கூட்டமாக இருக்காது என்பதே என் எண்ணம். மருந்தும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. அட்டோர்வாஸ்டாட்டின் நம் சுகாதார நிலையங்களின் மருந்தகத்தில் இருப்பதுதான். எல்டிஎல் இருக்கும் அளவிலிருந்து 39 மில்லிகிராம் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று பல பெரிய ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது. நெதர்லாந்தில் 1994 முதலே, பரம்பரை மிகைக் கொழுப்பு உள்ள ஒருவரைக் கண்டுபிடித்தால் அவர் வழியே உறவினர் ஒவ்வொருவராகத் தேடிச் சென்றார்கள். அரசுச் செலவில் இருபது ஆண்டுகள் அது நடந்தது.

மாத்திரை தொடங்கிய பிறகு அதை நிறுத்தாமல் இருக்கச் செய்வதுதான் கடினம். “நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு ஆயுசுக்கும் மாத்திரை?” என்ற கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு மாதாமாதம் வாசலுக்கு வரும் தன்னார்வலரைவிடச் சிறந்த துணை வேறில்லை. நம் திட்டத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது. வார்டிலிருந்து அவர் கைக்குச் செய்தி போய்ச் சேர்ந்தால் மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதைச் சுற்றியுள்ள வட்டாரங்கள், ஆறு மாதம். எத்தனை உறவினர் பெயர் எழுதப்பட்டது, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு இதுவரை தெரியாத இரத்த அழுத்தமோ சர்க்கரையோ கொழுப்போ இருந்தது, ஆறு மாத முடிவில் எத்தனை பேர் மாத்திரையைத் தொடர்கிறார்கள் என்ற நான்கு எண்களையும் பொதுவில் வெளியிடுங்கள். எண்கள் சரியில்லை என்றால் விட்டுவிடுங்கள். எங்கள் மாவட்டத்தில் செய்வதானால், பள்ளி விடுமுறை நாள்களில் பெயர் எழுதவும், உறவினரைத் தொலைபேசியில் அழைக்கவும் நானும் என் சக ஆசிரியர்கள் சிலரும் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறோம்.

என் தம்பியின் மகனுக்கு இப்போது வயது 13. அப்பா, பெரியப்பா, தாத்தா மூவருக்கும் வந்தது அவனுக்கு இறங்கியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் வயதை அவன் எட்டிவிட்டான். வரும் கோடை விடுமுறையில் அவனை வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானே அழைத்துப் போகிறேன். ஊசி என்றால் பயப்படுவான். அவன் அப்பாவும் அப்படித்தான் இருந்தான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
டெல்டா மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர்